செட்டிநாட்டுச் சமையலை ஒரு காரைக்குடி வீட்டில் கற்றுக்கொள்வது எப்படி

பொட்டலத்தில் விற்கும் செட்டிநாட்டு மசாலாவை நம்பிச் சமைத்துப் பழகியவர்கள், காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டதும் கேட்கும் முதல் கேள்வி, "காரமே இல்லையே?" என்பதுதான். கண்ணில் தண்ணீர் வரவைக்கும் காரம் ஹோட்டல்காரர்கள் பரப்பியது. வீட்டுச் சமையல் வேறு. அங்கே சோம்பு, சின்ன வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெய் ஆகியவற்றின் வாசம் முன்னால் நிற்கும். காரம் பின்னால் வரும். ஒரு குழம்புக்கு மூன்று நான்கு வெஞ்சனம் (தொட்டுக்கொள்ளும் கறிவகை) இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பக்குவத்தில்.

அதனால் குறிப்பு எழுதி வாங்கிக்கொண்டு வருவதற்காக அங்கே போக வேண்டாம். குறிப்பு இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. எந்த நிறத்தில் இறக்குவது, மாவு கரண்டியிலிருந்து எப்படி விழவேண்டும், எந்த வாசம் வந்ததும் அடுத்ததைப் போடுவது ஆகியவற்றைக் கண்ணும் மூக்கும் பழக்கிக்கொண்டு வருவதற்காகப் போங்கள். இரண்டு நாளில் நான்கு பண்டம் போதும். பத்துப் பண்டம் கேட்டால் பத்தையும் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

வீடு பிடிப்பது

செட்டிநாடு என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்கள். மதுரை, திருச்சி இரண்டிலிருந்தும் காரைக்குடி ஏறக்குறைய 90 கி.மீ. சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராகப் போகிறது. போய்ச் சேர்வது சுலபம். ஆள் இருக்கும் வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. பெரிய வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். குடும்பம் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும். பொங்கல், கோயில் திருவிழா, கல்யாணம் என்றால்தான் வந்து சேர்வார்கள். அந்த நாட்களில் அடுப்படி நிறைய ஆள் இருக்கும், ஆனால் உங்களுக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. பொங்கல் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பத் தொடங்கும் வாரம் நல்ல வாரம். வீடு திறந்திருக்கும், வேலை குறைந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் கழித்து வரும் பிள்ளையார் நோன்பு அன்று வீடு தேடிப் போகாதீர்கள். அன்று அது முழுக்க முழுக்கக் குடும்பத்துக்கான நாள்.

தெரிந்த நகரத்தார் குடும்பம் வழியாகப் போவதுதான் சிறந்தது. அப்படி யாரும் இல்லையென்றால், காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக நடத்துபவர்களிடம் கேளுங்கள். சில விடுதிகளில் சமையல் வகுப்பே உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் காய் நறுக்கி, மசாலா அரைத்துத் தயாராக வைத்துவிட்டுச் செய்துகாட்டுவது. நமக்கு வேண்டிய பாதி வேலை நாம் வருமுன்பே முடிந்திருக்கும். "காலையில் காய் வாங்கப் போவதிலிருந்து கூட இருக்கலாமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒத்துக்கொண்டால் அது நல்ல இடம். ஊரில் பலகாரம் செய்து விற்கும் வீடுகள் இன்னொரு வழி. தேன்குழல், மாவுருண்டை, சீப்புச் சீடை மாதிரிப் பண்டம் கற்க விடுதியைவிட அங்கே போவது மேல். ஒரே பதத்தை நாள் முழுக்கப் பார்க்கலாம்.

பல வீடுகளில் கரண்டி பிடிப்பவர் வீட்டுக்கார ஆச்சி அல்ல, அந்த வீட்டில் பல காலமாகச் சமையல் வேலை பார்க்கும் அண்ணனோ அக்காவோதான். ஆச்சி ருசி பார்த்துத் திருத்துவார். இந்த இரண்டு பேரிடமும் கற்க வேண்டும். ஆச்சியிடம் மட்டும் கேட்டால் ருசி எப்படி இருக்கவேண்டும் என்பது தெரியும், அதை வரவைக்கும் கைவேலை தெரியாது.

அடுப்படிக்குள்

வீட்டுப் பெண்களை "ஆச்சி" என்றே கூப்பிடலாம், உங்களைவிட வயது குறைந்தவரானாலும் தப்பில்லை. செருப்பை முகப்புக்கு வெளியே விடுங்கள். வளவை (உள்முற்றத்தை)த் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டிப் பின்கட்டில்தான் அடுப்படி. அழைக்காமல் அங்கே நுழைய வேண்டாம். ஒரே வளவில் பல புள்ளிகள் (தனித்தனிக் குடும்பங்கள்) இருந்தால் புள்ளிக்கொரு அடுப்பு இருக்கும். பக்கத்து அடுப்பில் வேறு மாதிரிச் செய்தால் "எது சரி?" என்று கேட்டுப் பஞ்சாயத்து இழுக்காதீர்கள். இரண்டும் சரிதான்.

சில வீடுகளில் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்கு வரவேண்டும். "குளிச்சிட்டு வந்துரவா ஆச்சி?" என்று முதல் நாளே கேட்டுவிட்டால் அவர்களுக்குச் சொல்லும் சங்கடம் இல்லை. வெள்ளிக்கிழமை, அமாவாசை, கார்த்திகை, சஷ்டி நாட்களில் கறி சமைக்க மாட்டார்கள். உப்புக்கறி கற்க வேண்டுமானால் நாட்காட்டியைப் பார்த்துக் கிளம்புங்கள். கறிக்குத் தனிப் பாத்திரம், தனி இடம் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. கரண்டியை இடம் மாற்றி வைத்துவிடாதீர்கள்.

அளவைக் கேட்காமல் அளவு எடுப்பது

"எவ்வளவு உப்பு ஆச்சி?" என்று கேட்டால் "கண்ணளவுதான்" என்று பதில் வரும். மழுப்பல் இல்லை, உண்மையே அதுதான். அளவைக் கேட்டுப் பயனில்லை, எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். உப்புச் சாடி, புளி டப்பா, எண்ணெய்த் தூக்கு ஆகியவற்றைச் சமைக்கத் தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை எடை போடுங்கள். குறைந்ததுதான் அளவு. சமைப்பவர் கையை நடுவில் நிறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு கைப்பிடியையும் தட்டில் வாங்கி எடை பார்த்தால், இரண்டாவது கைப்பிடியிலிருந்தே அவர் கை இயல்பாக அள்ளாது.

பாத்திரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உழக்கு, டம்ளர் எதுவானாலும் தண்ணீர் ஊற்றி எத்தனை மில்லி என்று பாருங்கள், வாய் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஏன் அகலம் என்பது பணியாரத்தில் தெரியும்.

கேள்விகளில் நல்ல கேள்வி, தப்பைப் பற்றிய கேள்வி. "எப்படிச் செய்யணும்?" என்றால் பொதுவாகப் பதில் வரும். "உளுந்து கூடிப்போனா என்ன ஆகும் ஆச்சி?" என்றால் "எண்ணெயைக் குடிக்கும்" என்று பளிச்சென வரும். இறக்கும் ஒவ்வொரு முறையும் "இப்ப ஏன் இறக்குனீங்க?" என்று கேளுங்கள். நிறமா, வாசமா, சத்தமா என்று சொல்வார்கள். சலசலப்பு அடங்குவது, எண்ணெய் மேலே மிதப்பது போன்ற அடையாளங்களை எழுதுவதைவிட, செல்போனில் சத்தத்தோடு அரை நிமிடம் பதிவு செய்துகொள்வது மேல்.

முதல் நாள் பாருங்கள். இரண்டாம் நாள் அதே பண்டத்தை நீங்கள் செய்ய, அவர்கள் பக்கத்தில் நிற்கட்டும். இதைப் பலரும் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கற்பதில் பெரும்பகுதி இங்கேதான். உங்கள் மாவு கரண்டியிலிருந்து விழும்போது "கொஞ்சம் தண்ணி" என்று அவர் சொல்லும் அந்த நொடியில் பதம் கைக்கு வந்துவிடும்.

வெள்ளைப் பணியாரம்

முதலில் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். பச்சரிசியும் உளுந்தும்தான் பண்டம், ஆனால் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பலகாரம்.

பெரும்பாலான வீடுகளில் கணக்கு இதுதான்: ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன்மேல் உளுத்தம்பருப்பைக் கோபுரமாக, சரியும் வரை குவிப்பது. கேட்க எளிது, ஊருக்கு வந்து செய்தால் தப்பும். 200 மில்லி டம்ளரின் வாய் 8 செ.மீ. அகலம் இருந்தால் மேலே ஏறக்குறைய 30 கிராம் உளுந்து நிற்கும். அதே 200 மில்லி, ஒடுக்கமான 6 செ.மீ. வாயில் நின்றால் அதில் பாதிகூட நிற்காது. அரிசி மாறவில்லை, உளுந்து பாதியாகிவிட்டது. பணியாரம் ஏன் தட்டையாக, அழுத்தமாக வந்தது என்பது புரியாமல் அரிசியைக் குறை சொல்வோம். எடையில் பிடித்துக்கொள்ளுங்கள்: 200 கிராம் பச்சரிசிக்கு 25 முதல் 30 கிராம் உளுந்து. அங்கேயே, அவர்கள் டம்ளரில் எடை போட்டு இதைச் சரிபாருங்கள்.

இரண்டையும் சேர்த்தே கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல மைய அரைக்க வேண்டும். விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறப்புத் தெரியவே கூடாது. உப்பும், அரைத் தேக்கரண்டி சர்க்கரையும் போதும். தளர்த்த இரண்டு கரண்டி பால் விடுவார்கள். தோசைமாவைவிட ஒரு சொட்டுத் தளர்வாக, கரண்டியிலிருந்து அறுபடாமல் விழவேண்டும். புளிக்கவைப்பது இல்லை, அரைத்த உடனே சுட்டுவிட வேண்டும்.

அடி குழிவான சின்ன இரும்புச்சட்டியில் எண்ணெய் காயட்டும். ஒரு சொட்டு மாவு போட்டால் நிறம் மாறாமல் உடனே மேலே வரவேண்டும். அந்தச் சூட்டில் தீயை மிதமாக்கி, ஒரு குழிக்கரண்டி மாவைச் சட்டியின் நடுவில், எண்ணெய்க்கு மிக அருகில் கரண்டியைப் பிடித்து ஒரே வீச்சில் ஊற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடியில் போய், மேலே வந்து, நடு உப்பும். உப்பியதும் ஒருமுறை திருப்பி, வெள்ளையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

சிவந்து போனால் எண்ணெய்ச் சூடு அதிகம், அல்லது சர்க்கரை கூடிவிட்டது, அல்லது மாவு நேரமாகிப் புளித்துவிட்டது. எண்ணெய் குடித்தால் உளுந்து அதிகம் அல்லது சூடு குறைவு. முதல் பணியாரம் நன்றாக வந்து நான்காவது குடித்தால் அது சூடுதான், உளுந்து இல்லை. கல் மாதிரி இருந்தால் மாவு கெட்டி. ஊற்றியதும் ஓரமெல்லாம் கிளைவிட்டுப் பரந்தால் தளர்ந்துவிட்டது, ஒரு தேக்கரண்டி அரிசிமாவு கலந்தால் திருந்தும். உப்பாமல் ஓட்டை ஓட்டையாக வந்தால் மாவு மையவில்லை. அதற்கு ஒரே வழி மறுபடி அரைப்பதுதான். புது அரிசி தண்ணீர் குறைவாக இழுக்கும், பழைய அரிசி அதிகம் இழுக்கும். அதனால் தண்ணீருக்கு எண் வைக்காதீர்கள், விழும் பதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்டைக்காய் மண்டி

அரிசி கழுவிய தண்ணீரில் வைப்பது. முதல் தண்ணீர் தூசு, அதைக் கொட்டிவிடுவார்கள். இரண்டாவது தண்ணீரை அரிசியைக் கையால் நன்றாக உரசிக் கழுவி எடுப்பார்கள். பால் நிறத்தில் இருக்கும், அதுதான் மண்டி.

கால் கிலோ பிஞ்சு வெண்டைக்காய்க்கு மண்டி இரண்டு கப், புளி 20 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு பத்துப் பல், பச்சை மிளகாய் நான்கு, நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. புளியை மண்டியிலேயே ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளுங்கள். கடுகு தாளித்து வெங்காயம், பூண்டு, மிளகாய் வதங்கிய பின், விரல் நீளத்துக்கு நறுக்கிய வெண்டைக்காயைப் போட்டு வழவழப்பு முழுக்க அற்றுப்போகும் வரை வதக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மண்டி முழுவதும் இழையோடிவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பிசுபிசுப்பு போகும் முன் உப்பும் போடாதீர்கள், காய் நீர் விட்டுக்கொள்ளும். பிறகு புளிக்கரைசலும் உப்பும் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவைத்து, நினைத்ததைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்க வேண்டும். ஆற ஆற அரிசிக்கஞ்சி கெட்டியாகும். அடுப்பிலேயே கெட்டியாக்கினால் சாப்பிடும் நேரத்தில் களி.

நகரத்தில் வரும் பாக்கெட் அரிசியில் மண்டி நீர்த்துப்போயிருக்கும். தவிடெல்லாம் தீட்டி, துடைத்து வருவதால் கழுவினால் ஒன்றும் இறங்காது. ஒரு தேக்கரண்டி அரிசிமாவை அதில் கரைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்கறியும் கவுனியும்

உப்புக்கறியில் மசாலாத்தூள் கிடையாது. எலும்போடு அரைக் கிலோ ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 15 பல், குண்டு மிளகாய் 12, நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, மஞ்சள், கல்லுப்பு. குண்டு மிளகாய் பக்கத்து ராமநாதபுரத்துச் சரக்கு, 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதைக் கிள்ளி விதையை உதறிவிட்டுப் போடுவார்கள், காரம் தணிந்து நிறமும் வாசமும் நிற்கும். நீள மிளகாயை அதே எண்ணிக்கையில் போட்டால் அது வேறு பண்டமாகிவிடும். மிளகாய் கறுக்காமல் சின்னத் தீயில் எண்ணெயில் வதக்கி, வெங்காயம், பூண்டு, கறி என்று வரிசையாகச் சேர்த்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மூடி வேகவைப்பார்கள். இளங்கறிக்கு ஒரு மணி நேரம் ஆகும். குக்கரில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி வேகவைத்தால், அந்தத் தண்ணீரைச் சுண்டவைக்கும் நேரத்தில் கறி நார்நாராகிவிடும். குக்கர்தான் என்றால் அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் வேண்டாம்.

கவுனி, கறுப்பரிசியில் செய்யும் இனிப்பு. கவுனி அரிசியை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தச் சிவப்புத் தண்ணீரிலேயே வேகவைக்க வேண்டும். கொட்டினால் நிறம் போச்சு. அரிசி நகத்தில் நசுங்கும் வரை சர்க்கரை சேர்க்காதீர்கள். சர்க்கரை விழுந்த பிறகு எத்தனை விசில் வைத்தாலும் அது அதற்கு மேல் வேகாது. கவுனி பாழாவதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். தேங்காய்த் துருவலும் நெய்யும் கடைசியில்.

அம்மியிலிருந்து மிக்ஸிக்கு

அம்மியில் மிளகாயும் கல்லுப்பும் முதலில், தேங்காய் அடுத்து, வெங்காயம் கடைசியில். வெங்காயம் முன்னால் போனால் நீர் விட்டு மிளகாய் குழவிக்குச் சிக்காமல் வழுக்கும். மிக்ஸியிலும் இதே வரிசைதான், ஆனால் காரணம் இன்னொன்றும் உண்டு: பச்சை வெங்காயத்தை நிறைய நேரம் ஓடவிட்டால் கசப்பு ஏறும். மற்றதெல்லாம் மசிந்த பின் போட்டு, நிறுத்தி நிறுத்தி இரண்டு சுற்று, அவ்வளவுதான்.

மசாலாவில் வாசத்துக்குச் சேர்க்கும் கல்பாசியை வாங்கும்போது கிலோக்கணக்கில் வாங்காதீர்கள். நான்கு பேர் குழம்புக்கு விரல்நகம் அளவு இரண்டு துண்டு, அதுவும் எண்ணெயில் பொரிய வேண்டும். பொரியாத கல்பாசி மண்வாடை அடிக்கும், கூடினால் கசக்கும்.

பணமும் படமும்

விடுதி என்றால் விலை சொல்லிவிடுவார்கள். வீடு என்றால் பேச்சை நீங்கள் தொடங்க வேண்டும், அதுவும் அவர்களுக்கு முன்னால் அல்ல, உங்களைச் சேர்த்துவிட்டவரிடம். சாமான் செலவை முழுக்க நீங்கள் ஏற்பது குறைந்தபட்சம். காய், கறி, எண்ணெய் எல்லாம் சேர்ந்து கணிசமாக வரும். கொடுக்கும் பணத்தைக் கவரில் போட்டு, வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தட்டில் வையுங்கள். நீட்டிய கையில் நோட்டு என்றால் பலர் வாங்க மாட்டார்கள். சமைத்த அக்காவுக்கு, அண்ணனுக்குத் தனியாக, நேரடியாக அவர் கையிலேயே. ஆச்சியிடம் கொடுத்து "பிரிச்சுக் கொடுத்துருங்க" என்பது இருவருக்கும் சங்கடம்.

கையையும் சட்டியையும் படம் எடுக்கப் பெரும்பாலும் தடை சொல்ல மாட்டார்கள். முகத்துக்குக் கேளுங்கள், சாமி அறைப் பக்கம் காமிராவைத் திருப்பவே வேண்டாம். இணையத்தில் போடப்போகிறீர்கள் என்றால் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எடுத்த பிறகு கேட்டால் மறுக்க முடியாமல் தலையாட்டுவார்கள்.

ஊர் திரும்பியதும்

ஒரு வாரத்துக்குள் நான்கையும் செய்து பார்த்துவிடுங்கள், அதற்குமேல் போனால் நாக்கின் நினைவு மங்கிவிடும். முதல் முறை எந்த மாற்றமும் செய்யாமல், அவர்கள் வாங்கிய அதே வகை அரிசி, அதே மிளகாய், அதே அளவு. கிளம்பும்போதே இரண்டு கிலோ பச்சரிசியும் கால் கிலோ குண்டு மிளகாயும் காரைக்குடியில் வாங்கிக்கொண்டால் இந்தச் சோதனை சுத்தமாக இருக்கும். சரியாக வந்தால் அடுத்தது உங்கள் ஊர் அரிசியில். அப்போது பிசகினால் அரிசியா கையா என்ற சந்தேகம் இருக்காது. அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் ஆச்சிக்குப் போன் போடுங்கள். "நல்லா வரல ஆச்சி" என்று பொதுவாகச் சொல்லாமல், "நாலாவது பணியாரத்துல இருந்து எண்ணெய் குடிக்குது" என்று சொல்லுங்கள். பதில் அரை நிமிடத்தில் கிடைக்கும்.